கொல்லையில் பாம்பா? உதட்டைப் பாருங்கள்

போன ஐப்பசி மழையில், மடிப்பாக்கம் வீட்டுக் கொல்லையில் வாழைக்கன்று ஓரமாக ஆறடிக்கு ஒன்று நீட்டிப் படுத்திருந்தது. நல்ல பாம்பு என்று கத்தியே விட்டேன். மாடியில் நின்று போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால், உதட்டோரம் பேனாவால் கிழித்த மாதிரி கறுப்புக் கோடுகள், பெரிய கண், ஒடுங்கிய கழுத்து. சாரை! எலி தேடி வந்திருக்கிறது, விஷமில்லை. (சாரைதான் நல்ல பாம்பின் ஆண் என்பார் எங்கள் பாட்டி. கட்டுக்கதை, இரண்டும் வேறு வேறு இனம்.)

படமெடுக்கவில்லையே என்று மட்டும் சாரை என முடிவு கட்டாதீர்கள். நல்ல பாம்பும் சும்மா ஊரும்போது படத்தை விரிக்காது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும்: பளபளக்கும் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள், தலைப்பக்கம் மங்கியிருக்கும். இதே சாயலில் விஷமில்லாத பாம்பும் உண்டு, அதனால் டார்ச் வெளிச்சத்தில் ஆராய்ச்சி வேண்டாம்.

சந்தேகமா? எட்ட நின்று, அது எங்கே நுழைகிறது என்று பார்த்துக்கொண்டே 101-ஐக் கூப்பிடுங்கள். அடித்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. கை காலை அசைக்காமல் வைத்து, உடனே 108.