பழைய போனுக்குச் சொன்ன அறிவுரையைப் புது போனில் செய்யாதீர்கள்

வீட்டில் யாராவது புது போன் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அறிவுரை வந்துவிடும். முதல் தடவை எட்டு மணி நேரம் விடாமல் சார்ஜ் போடு, சுத்தமாக இறங்கிய பிறகுதான் மறுபடி போடு, ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தால் வெடிக்கும், திறந்த ஆப்பையெல்லாம் உடனே தள்ளிவிடு, தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் புதைத்துவை. சொல்பவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். இவற்றில் பல ஒரு காலத்தில் சரியாக இருந்தவையும்கூட. கருவி மாறியபோது அறிவுரையை யாரும் மாற்றவில்லை, அதுதான் சிக்கல். எது எந்தக் காலத்துக் கருவிக்குச் சொன்னது என்று தெரிந்துவிட்டால், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

பேட்டரியில் தொடங்குகிறேன், அதிகம் தவறு நடப்பது அங்கேதான். கார்ட்லெஸ் போன், ஷேவர், ஆரம்பகால மொபைல் இவற்றில் எல்லாம் இருந்தது நிக்கல் வகை பேட்டரி. நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பாதி இறங்கிய நிலையிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால், அது அந்தப் பாதியையே தன் முழு அளவாக எடுத்துக்கொண்டதுபோல் சீக்கிரம் படுத்துவிடும். அதனால்தான் "முழுசா இறக்கிட்டு முழுசா ஏத்து" என்றார்கள், அன்று அது நல்ல யோசனை. லித்தியம் அயான் பேட்டரியை சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்று உங்கள் பையில் இருக்கும் போன் அந்த வகைதான். அதற்கு அந்தப் பழைய நோய் கிடையாது. சொல்லப்போனால் சுழியம் வரை இறக்குவதுதான் அதற்குக் கஷ்டம். 30, 40 சதவீதத்தில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. அடிக்கடி சார்ஜ் போட்டால் ஆயுள் போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம், ஏனென்றால் கணக்கு எத்தனை முறை வயரைச் செருகினீர்கள் என்பதில் இல்லை. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி 800 சுற்று முடிந்த பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. தினமும் ஒரு சுற்று என்று வைத்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் வரும்.

சரி, ராத்திரி முழுக்க சார்ஜில் விடலாமா? வெடிக்கும் என்ற பயம் 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்ததோடு ரொம்ப வலுப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குக் காரணம் அந்த பேட்டரிகளின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைதான் என்று 2017 ஜனவரியில் சாம்சங்கே விசாரணை முடிவை வெளியிட்டது. யாரும் தூங்கும்போது சார்ஜ் போட்டதால் வந்த வினை அல்ல அது. ஒழுங்கான போனில் பேட்டரி நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே மின்சாரத்தை நிறுத்திவிடும். இருந்தாலும் 100 சதவீதத்திலேயே மணிக்கணக்காக நிற்பது லித்தியத்துக்கு ஒத்துவராது, உள்ளே மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பதால் மெல்ல மெல்ல வயதாகும். இதற்காகவே ஆப்பிள் 2019இல் ஐஓஎஸ் 13ஓடு, நீங்கள் எழும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்புதான் கடைசி 20 சதவீதத்தை ஏற்றும் வசதியைக் கொடுத்தது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் தேர்வு பேட்டரி செட்டிங்கிலேயே இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது இரவு சார்ஜ் அல்ல, வெயில். இதை யாரும் அறிவுரையாகச் சொல்லிக் கேட்டதில்லை, அதில் எனக்கு வருத்தம்தான். ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்லும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. வேலூரிலும் திருத்தணியிலும் மே மாதத்தில் 40ஐத் தாண்டுவது வழக்கமான செய்தி. அந்த வெயிலில் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப்பைப் போட்டு, ஸ்கிரீன் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, கூடவே சார்ஜும் போட்டு ஓட்டுகிறோம். டெலிவரி வேலை செய்பவர்களுக்கு வேறு வழியில்லை, புரிகிறது. அவர்களாவது சார்ஜைக் கடையில் நிழலில் நிற்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்தால் நல்லது. மற்றவர்கள் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போனை விட்டுப்போவது, தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது, தடித்த கவரோடு ஃபாஸ்ட் சார்ஜில் போட்டு கேம் ஆடுவது, இந்த மூன்றை நிறுத்தினாலே போதும். பேட்டரி உப்பி பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம், சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அடுத்தது இந்த ஆப்பைத் தள்ளிவிடும் பழக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலால் வரிசையாக மேலே தள்ளிக்கொண்டிருப்பவர்களை தினமும் பார்க்கலாம், பார்க்கவே ஏதோ வீட்டைப் பெருக்கியதுபோல் ஒரு திருப்தி அவர்கள் முகத்தில் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் நாலு புரோகிராம் திறந்தால் திணறும், ஒவ்வொன்றாக மூட வேண்டும். அந்தப் பாடம்தான் போனுக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் தெரிகிற ஆப் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. நினைவகத்தில் உறைந்து கிடக்கும், இடம் தேவைப்பட்டால் போனே அதை எடுத்துவிடும். நீங்கள் தள்ளிவிட்டால் அடுத்த முறை முதலிலிருந்து திறக்க வேண்டியிருப்பதால் பேட்டரி கூடத்தான் செலவாகும். 2016இல் ஒரு வாடிக்கையாளர், நீங்களும் இப்படி மூடுகிறீர்களா, இது பேட்டரிக்கு அவசியமா என்று ஆப்பிளுக்கு மெயில் அனுப்பிக் கேட்டபோது, மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இரண்டு கேள்விக்குமே இல்லை என்றுதான் பதில் எழுதினார். ஆப் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டால் தள்ளுங்கள், அதற்காகத்தான் அந்த வசதி. இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று தட்டுவதும். பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து வருகிறது, எத்தனையோ மீம் வந்தும் போகவில்லை. அது டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான்களை மறுபடி வரைகிறது, வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கெடுதலும் இல்லை என்பதால் விட்டுவிடலாம்.

அரிசி விஷயத்தை விட முடியாது. போன் நனைந்ததும் அரிசியில் புதைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று நம்பி இரண்டு நாள் காத்திருக்கிறோம். அரிசி அப்படி ஒன்றும் இழுப்பதில்லை, சும்மா காற்றோட்டத்தில் வைத்தாலே அதே அளவு காயும். அந்த இரண்டு நாளில் உள்ளே போன தண்ணீரின் உப்பு பித்தளைப் பாத்திரத்தில் பச்சை பிடிப்பதுபோல் சர்க்யூட்டைத் தின்ன ஆரம்பித்திருக்கும். அரிசித் தூள் சார்ஜிங் துளையில் போய் அடைவது தனி. ஆப்பிள் 2024 ஜனவரியில் தன் உதவிக் குறிப்பிலேயே அரிசியில் வைக்காதீர்கள் என்று எழுதிவிட்டது. உடனே ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள், துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள், ஃபேன் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். கடல் தண்ணீர் என்றால் காய்வதற்குக்கூடக் காத்திருக்காமல் சர்வீஸுக்குப் போய்விடுங்கள்.

"என் போன் ஐபி68, ஒன்றும் ஆகாது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐபி68 என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்று சோதித்துத் தரும் மதிப்பீடு. அந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் நடப்பது. மெரினா அலைக்கும் நீச்சல் குளத்துக் குளோரினுக்கும் அது உத்தரவாதம் இல்லை. கடலிலும் குளத்திலும் பயன்படுத்தலாம் என்று தோன்றும்படி விளம்பரம் செய்ததற்காக ஆஸ்திரேலியாவில் சாம்சங்குக்கு 2022இல் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது நீதிமன்றம். ரப்பர் அடைப்பு நாளாக நாளாகத் தளரும், ஒருமுறை ஸ்கிரீன் மாற்றியிருந்தால் அந்த 68ஐ மறந்துவிடுவது நல்லது.

மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து போன் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 108 என்று பெட்டியில் போட்டிருக்கும் கேமரா சாதாரணமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும். ஐபோனின் முதன்மைக் கேமரா 2015இலிருந்து 2021 வரை 12லேயே இருந்தது, யாரும் படம் மோசம் என்று சொல்லவில்லை. சென்சார் எவ்வளவு பெரியது, ராத்திரி நேரத்தில் நகரும் குழந்தையை எப்படி எடுக்கிறது என்று கடையிலேயே எடுத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னதில் தவறினால் போகப்போவது ஒரு போன். பாஸ்வேர்டிலும் பணத்திலும் அப்படி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று, பெரிய எழுத்து, எண், ஒரு குறி கட்டாயம் என்ற விதி 2003இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிட்ட வழிகாட்டியால் உலகம் முழுக்கப் பரவியது. அதை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துகிறேன் என்று 2017இல் பத்திரிகையிடம் சொன்னார். அதே ஆண்டு என்ஐஎஸ்டியும் கட்டாய மாற்றத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பேர், ஒரு @, 123. அடுத்த முறை 124. இது நம் எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது. சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள், மெயிலுக்கு வைத்ததை வேறு எங்கும் வைக்காதீர்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள், கசிந்துவிட்டது என்று தெரிந்தால் மாற்றுங்கள். பெரியவர்கள் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைப்பதைக் கிண்டல் செய்யாதீர்கள். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனால் அந்த பீரோவைத் திறக்க முடியாது.

"பூட்டு அடையாளம் இருந்தால் பாதுகாப்பான தளம்" என்பதும் காலாவதியானதுதான். அந்தப் பூட்டு சொல்வது, வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது வங்கியா திருடனா என்று அது சொல்லவே இல்லை. அந்தப் பூட்டு வருவதற்கான சான்றிதழைப் போலித் தளங்களும் இலவசமாகவே வாங்கிவிடுவதால், குரோம் 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. முகவரியை எழுத்து எழுத்தாகப் படிப்பதுதான் ஒரே வழி, அல்லது வங்கியின் ஆப்பையே திறங்கள்.

அப்புறம், "ஓடிபியை யாரிடமும் சொல்லாதே." இது இன்றும் சரியான அறிவுரை, ஆனால் இது மட்டும் போதாது, இதை அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். திருடர்கள் இப்போது ஓடிபியைக் கேட்பதே இல்லாமல் எடுக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும், கடைசியில் ஏபிகே என்று இருக்கும். அது பத்திரிகை இல்லை, ஒரு ஆப். போட்டு, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால் உங்கள் எஸ்எம்எஸ்ஸை அதுவே படித்துக்கொள்ளும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் முதலில் மாட்டியிருக்கும். ஏபிகே என்று எது வந்தாலும் தொடாதீர்கள், அனுப்பியவருக்கு போன் செய்து கேளுங்கள். யூபிஐயில் உங்களுக்குப் பணம் வர வேண்டுமென்றால் ரகசிய 'பின்' நம்பர் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து 'பின்' நம்பரைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் போவது உங்கள் பணம். வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து டிஜிட்டல் கைது என்று மிரட்டினால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. ஏற்கனவே பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல், அன்றைக்கே, முடிந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் போனால்தான் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும்.