மேடை ஏறும் நாளில் செய்யக் கூடாதவை

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நடிக்கும் மாணவருக்கு அன்று காலையிலிருந்தே வயிறு கலங்குவது இயல்பு. அந்த நடுக்கத்தைப் போக்குவதாக எண்ணிக்கொண்டு மாணவரும், பெற்றோரும், என்னைப் போன்ற ஆசிரியர்களும் அன்றைக்கென்று புதிதாகச் செய்யத் தொடங்கும் காரியங்களால்தான் பெரும்பாலான நாடகங்கள் கெடுகின்றன. பள்ளிகளில் பல முறை மேடையேறுவது சிலப்பதிகாரத்து வழக்குரை காதை. பாண்டியன் அவையில் கண்ணகி நீதி கேட்கும் அந்தக் காட்சியைப் பலமுறை பயிற்றுவித்திருக்கிறேன் என்பதால், அதை வைத்தே இத்தவறுகளை விளக்குகிறேன்.

முதலில் நடுக்கத்தைப் பற்றி. மேடைக்குப் போகுமுன் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வாய் உலர்கிறது. கபடி ஆட்டத்துக்கு இறங்கும் மாணவனுக்கும் இதே மாற்றங்கள்தான் நிகழ்கின்றன, ஆனால் அவன் அதைப் பயம் என்று சொல்வதில்லை. ஆகவே, ஒப்பனை அறையில் ஆளாளுக்கு வந்து “பயப்படாதே, பயப்படாதே” என்று சொல்வது, மறந்திருந்த பயத்தை நினைவூட்டுவதாகவே முடியும். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்த நேரத்தைவிடக் கூடுதலான நேரம் எடுத்து வெளியே விடச் சொல்லுங்கள். நான்கைந்து முறை செய்தாலே துடிப்பு சற்று அடங்கும். இதையும் ஒத்திகைக் காலத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

வசனத்தை மனப்பாடம் செய்யும் முறையில் உள்ள தவறு, விழா நாளன்றுதான் வெளியே தெரியும். பலர் வசனத்தைப் பொருளால் நினைவில் வைப்பதில்லை. வாய்ப்பாடு போல ஓசையால் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓசையில் ஒரு கண்ணி அறுந்தால் மேற்கொண்டு எதுவும் வராது. ஆனால் கண்ணகி அவையில் பேசும் வரிசையைக் கவனித்துப் பாருங்கள்: புறாவுக்காகத் தன்னையே தந்த மன்னனையும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனையும் முதலில் நினைவூட்டுகிறாள், அவர்கள் ஆண்ட புகாரே தன் ஊர் என்கிறாள், பிறகு கணவன் பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்ததையும், சிலம்பை விற்கப் போய்க் கொலையுண்டதையும் கூறி, இறுதியில்தான் தன் பெயரைச் சொல்கிறாள். புறா, பசு, ஊர், கணவன், சிலம்பு, பெயர் என்ற இந்தப் படிகளை ஒரு சிறுமி மனத்தில் வைத்திருந்தால், நடுவில் ஒரு வரி தவறினாலும் அடுத்த படியில் கால் வைத்துவிடுவாள். தன் வசனத்தை மட்டும் படித்துவிட்டு, தனக்கு முன்னால் பேசுபவரின் கடைசிச் சொல் எதுவென்றே அறியாமல் வருவதும் இதே வகைத் தவறுதான்.

அன்று காலை முழுக் குரலில் இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்ப்பதும் வேண்டாத வேலை. மாலையில் தேவைப்படும் குரல் காலையிலேயே கம்மிவிடும். வீட்டுக்கு வந்த மாமாவுக்கும் சித்திக்கும் நடித்துக் காட்டச் சொல்வதும் அப்படியே. ஒருமுறை உட்கார்ந்தபடி மெதுவான குரலில் சொல்லிப் பார்த்தால் போதும். இதைவிடக் கேடானது, கடைசி நேரத்தில் வசனத்தைத் திருத்துவது. ஒரு சொல்லை அழகாக்குகிறேன் என்று நானே ஒருமுறை விழா நாள் காலையில் மாற்றிக் கொடுத்தேன். மேடையில் பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒன்றோடொன்று மோதி, பாண்டியனாக நின்ற மாணவன் திக்கித் திணறிப் போனான்.

ஆண்டு விழா என்றால் காத்திருப்புதான் பாதி. மாலை ஐந்து மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் இருக்கும். ஆண்டறிக்கையும் சிறப்பு விருந்தினர் உரையும் பரிசளிப்பும் முடிந்து நாடகத்தின் முறை வரும்போது எட்டு மணிகூட ஆகிவிடும். பிள்ளைகளுக்கோ இரண்டு மணிக்கே பவுடர் பூசி, கிரீடம் வைத்து உட்கார வைத்துவிடுகிறோம். வேர்வையில் ஒப்பனை கரைகிறது. உடை கலையும் என்று சிறுநீர் கழிக்கப் போகாமல் அடக்கிக்கொள்கிறார்கள். வாந்தி வரும் என்று அஞ்சி எதையும் உண்ண மறுக்கிறார்கள். வெறும் வயிற்றோடு சூடான விளக்கின் கீழ் நின்றால் தலைசுற்றும். நான்கு மணிவாக்கில் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ கொடுத்து, கழிப்பறைக்கு அனுப்பிய பிறகே வேட்டியையும் சேலையையும் கட்டிவிட வேண்டும். இடையிடையே தண்ணீர் தரலாம். சோடா கலந்த குளிர்பானம் வேண்டாம், “தேரா மன்னா” என்று தொடங்கும் இடத்தில் ஏப்பம் வந்து நிற்கும்.

அடுத்தது பொருள்கள். இந்தக் காட்சியின் உயிரே சிலம்பு உடைவதில் இருக்கிறது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்தால்தான் உண்மை வெளிப்படும். ஒத்திகையில் அட்டைச் சிலம்பை வைத்துக்கொண்டிருந்த நாங்கள், ஓராண்டு விழாவன்று கடையில் வாங்கிய பளபளப்பான பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கொடுத்துவிட்டோம். மாணவி ஓங்கி எறிந்தாள். அது உடையாமல் மேடையைத் தாண்டி உருண்டோடிச் சிறப்பு விருந்தினரின் காலடியில் போய் நின்றது. அரசன் மாணிக்கப் பரலைக் கண்டு நடுங்க வேண்டிய இடத்தில் அரங்கமே சிரித்தது. அதன் பிறகு, முன்கூட்டியே இரண்டாக வெட்டி மெல்லிய காகிதத்தால் ஒட்டிய சிலம்பைத்தான் பயன்படுத்துகிறோம். உள்ளே பாசிமணிகளை இட்டு வைப்பதும் தவறு. நாடகம் முடிந்த கையோடு அதே மேடையில் வெறுங்காலோடு பரதநாட்டியம் ஆட வரும் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். சிவப்பு ஜிகினாத் தாளைக் கசக்கி உருட்டிப் போட்டாலே தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மாணிக்கமாகத் தெரியும்.

மைக்குக்கும் முன்கூட்டியே பழக வேண்டும். வகுப்பறை ஒத்திகையில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிப் பழகிய பிள்ளைகள், மேடையின் முன்வரிசையில் நிற்கும் மைக்குக்கு முதுகைக் காட்டியே பாதி வசனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எவர் எந்த மைக்கின் அருகில் நிற்க வேண்டும் என்று தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, முந்தைய நாளே நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பேச்சின் வேகமும் அப்படித்தான்: படபடப்பில் எல்லோருக்கும் பேச்சு விரைந்துவிடும். கண்ணகி முதல் சொல்லிலேயே தொண்டை கிழியக் கத்தினால், சிலம்பை உடைக்கும் இடத்துக்கு ஏற்ற குரல் மிச்சமிருக்காது.

வசனம் மறந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மறந்தவர் பக்கத்திரையைத் திரும்பிப் பார்ப்பதும், நாக்கைக் கடிப்பதும், “சாரி” என்று சொல்வதும்தான் மறதியை அவைக்கு அறிவிக்கின்றன. பேசாமல் அரசனை முறைத்துக்கொண்டு நின்றால் அது கோபமாகவே தோன்றும். அதற்குள் திரைமறைவிலிருப்பவர் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடலாம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்றொருவன் உண்டு. கதையிலும் இருப்பான், கதைக்கு வெளியேயும் நிற்பான், ஆட்டம் தொய்ந்தால் பேசியே நிமிர்த்துவான். நம் காட்சியில் அந்த இடம் வாயிற்காவலனுக்கு உரியது. இரண்டே வரி வசனம்தானே என்று கூச்சமுள்ள பிள்ளையிடம் அந்த வேடத்தைத் தள்ளிவிடுவது வழக்கம்; நான் இப்போது நாடகம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும், வாய்த்துடுக்கு மிகுந்த பிள்ளைக்கே அதைத் தருகிறேன். கண்ணகி தடுமாறினால், “புகாரிலிருந்து வந்தவளாமே, உன் வழக்கைச் சொல்” என்று வேலை ஊன்றியபடி ஒரு வரி சொல்லி அவளை மீட்டுவிடுவான்.

அவையின் சிரிப்புக்கு நடிகர் பதிலுக்குச் சிரித்துவிடக் கூடாது. மீசை கழன்றால் அதை மறுபடி ஒட்ட முயலாமல், கையில் வாங்கிக்கொண்டு மேலே பேசுவதே நல்லது. உயிர்விட்டுக் கிடக்கும் பாண்டியன் மூக்கைச் சொறிவது பெரும்பாலும் பசையின் அரிப்பால்தான் என்பதால், எந்தப் பசையையும் இரண்டு நாள் முன்னதாக முன்கையில் தடவிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. திரை விழுந்ததும் மைக்கை அணைத்துவிட்டார்களா என்று பாராமல் “அப்பாடா” என்று கத்துவதும், வெளிச்சத்திலிருந்து இருட்டான பக்கத்திரைக்குள் ஓடி ஒயரில் தடுக்கி விழுவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. கண் இருட்டுக்குப் பழகும்வரை, அங்கு ஏற்கெனவே நிற்கும் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்லட்டும். பிறகு அந்த மீசையை அப்படியே பிய்த்து இழுக்காமல், தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள்.