சமையலறைக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? முதலில் பிசுக்கைப் பாருங்கள்

"என்னங்க, சிங்குக்குக் கீழ இருக்கிற கதவு திறக்க மாட்டேங்குது."

கதவுகளையெல்லாம் பெயிண்ட் அடித்து மாட்டிய மறுநாள் காலையில் நான் கூப்பிட்ட கூப்பாடு இது. வீட்டுக்காரர் வந்து ஓங்கி ஒரு இழு இழுத்தார். கதவு திறந்தது, கூடவே 'சர்ர்' என்று ஒரு சத்தமும் வந்தது. முதுகு ஒடிய அடித்த பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மாதிரி உரிந்து சட்டத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. உரிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"பிசுக்கு மேல பூசினா பெயிண்ட் எப்படிம்மா நிக்கும்?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அந்த ஒரு கிழிசலில் இரண்டு தப்பு இருந்தது. அடியில் பிசுக்கைச் சரியாக எடுக்கவில்லை. மேலே பெயிண்ட் இறுகும் முன்பே கதவை மாட்டிவிட்டேன். பதினான்கு கதவு, ஐந்து டிராயர் முகப்பு, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தேன். இரண்டாவது தடவை செய்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன்.

கலர் அட்டையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். விளக்கிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய மஞ்சள் பல்புக்குக் கீழே நின்று நான் தேர்ந்தெடுத்த இளம்பச்சை, விளக்கை மாற்றியதும் சாம்பல் நிறமாகப் போனது. சுவரும் கதவும் என்ன நிறம் என்பதில் பாதியைத் தீர்மானிப்பது விளக்குதான். மேல் அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. பட்டை ஒட்டப் போகிறீர்கள் என்றால் அதை முதல் வேலையாக முடித்துவிடுங்கள்.

அந்தப் பட்டையை அலமாரியின் அடிப்பலகையில் முன்விளிம்பை ஒட்டி வைக்க வேண்டும். பின்னால் சுவரோரமாக வைத்தால் சுவர்தான் பளிச்சென்று தெரியும், நாம் காய் நறுக்குகிற இடம் மங்கலாகவே கிடக்கும். 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் இதமான வெளிச்சம், 4000 என்றால் கொஞ்சம் வெள்ளை. அதற்கு மேல் போனால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். அது 90க்கு மேல் இருந்தால் பொருள்களின் உண்மையான நிறம் தெரியும். சமையல் மேடை பளபளப்பான கல்லாக இருந்தால், பட்டையிலுள்ள புள்ளி விளக்குகள் ஒவ்வொன்றும் அதில் பிரதிபலித்துக் கண்ணைக் குத்தும். பால்வெள்ளை மூடி போட்ட அலுமினியச் சட்டத்துக்குள் பட்டையை ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

அடாப்டர் வாங்கும்போது ஒரு சின்னக் கணக்கு. மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கிற பட்டை 3 மீட்டர் என்றால் 43 வாட் சொச்சம். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் 60 வாட் அடாப்டர் எடுத்தேன். பட்டையை வெட்டுவதாக இருந்தால் கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். அடாப்டரிலிருந்து பட்டைக்கு வருகிற 12 வோல்ட் பக்கத்து வேலை நம் கையில். சுவருக்குள் போகிற மின் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், அதில் வீரம் வேண்டாம்.

இப்போது கதவுகளைக் கழற்றுங்கள். மாட்டியபடியே அடிக்கலாமே என்று தோன்றும். கீல் மேல் பெயிண்ட் வழிந்து, ஓரமெல்லாம் கட்டி கட்டியாக நிற்கும்போதுதான் ஏன் கழற்றச் சொன்னேன் என்று புரியும். கழற்றுகிற ஒவ்வொரு கதவுக்கும் ஒரு எண் கொடுங்கள். அதை எங்கே எழுதுவது? கதவின் பின்பக்கம் எழுதினால் பெயிண்டில் மறைந்துவிடும். கீல் உட்காருகிற வட்டக் குழி இருக்கிறதே, 35 மி.மீ. விட்டம், அதற்குள் பென்சிலால் எழுதி, மேலே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கீலையும் ஸ்க்ரூவையும் அதே எண் போட்ட கவரில் போட்டுவிடுங்கள். பார்வைக்கு ஒரே அளவாகத் தெரிகிற இரண்டு கதவு உண்மையில் ஒரே அளவாக இருப்பதில்லை.

அடுத்தது பிசுக்கு. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற கதவின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். அதன் மேல் நேராகத் தண்ணீர் ஊற்றினால் குழம்பிப் பரவுமே தவிரப் போகாது. முதலில் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் வழித்து எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரு முறை துடையுங்கள். அடுத்து சலவைச் சோடாக் கரைசலோ கடையில் விற்கிற பிசுக்கு நீக்கியோ போட்டு, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, பச்சை நார்ப்பஞ்சால் தேய்த்து எடுங்கள். கைக்கு ரப்பர் உறை கட்டாயம். கடைசியாகச் சுத்தமான தண்ணீர்த் துணியால் இரண்டு முறை. சோப்பு மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது. கைப்பிடியைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்கு நம் கை எண்ணெய் பல வருஷமாக ஊறியிருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் இதெல்லாம் இரண்டு தடவை. முதல் தடவை நான் கோட்டை விட்டது அங்கேதான்.

போனதா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. துடைத்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சரி. தாமரை இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் ஏதோ இருக்கிறது, திரும்பவும் தேய்க்க வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: பிளீச்சையும் வினிகரையும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

உப்புத்தாள் வேலை இவ்வளவு நேரம் எடுக்காது. சன்மைக்கா மாதிரி வழுவழுப்பான பரப்பென்றால் 180 எண் தாளால் பளபளப்பு மங்குகிற வரை தேய்த்தால் போதும், பள்ளம் தோண்ட வேண்டாம். வார்னிஷ் உரிந்துகொண்டிருக்கிற மரம் என்றால் 120இல் ஆரம்பித்து 180க்கு வாருங்கள். மூக்குக்கு மாஸ்க் வேண்டும். பல தலைமுறை பெயிண்ட் அடுக்கு அடுக்காக ஏறிய பழைய வீடாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடியே தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பரவும், குழந்தைகளுக்கு அது விஷம். ஈயத்துக்கான சோதனை செய்து பார்த்த பிறகு கை வையுங்கள்.

தூசியைத் துடைத்ததும் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கிற அடிப்பூச்சு. சன்மைக்காவுக்கு, வழுக்கும் பரப்பில் ஒட்டுவதற்கென்றே தயாரித்த பிரைமர் என்று டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மரத்தில் பழுப்புக் கறை கசிகிறதென்றால் தண்ணீர் கலந்த பிரைமர் அதை மறைக்காது. வெள்ளை அடித்த மறுநாள் மஞ்சள் திட்டு எட்டிப் பார்க்கும். அதற்கு அரக்குப் பிரைமர்தான் சரி.

எல்லாக் கதவுக்கும் பிரைமர் அடிக்கும் முன் ஒரே ஒரு கதவை முடித்துப் பாருங்கள், கண்ணில் அதிகம் படாத ஒன்றாக. பிரைமர் காய்ந்த மறுநாள், பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கோடு கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு துணுக்குகள் வந்தால் பிசுக்கோ பிரைமரோ ஏதோ ஒன்று தப்பு. ஒரு கதவோடு போயிற்று என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

பெயிண்ட் வாங்கும்போது சுவருக்கு மிச்சம் இருந்த எமல்ஷன் போதுமே என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். கேட்காதீர்கள். கதவு தினம் பத்துத் தடவை கைபடுகிற இடம், துடைக்கத் தாங்க வேண்டும். தண்ணீர் கலந்து அடிக்கிற எனாமல், பாதிப் பளபளப்பு, இதுதான் நான் எடுத்தது. முழுப் பளபளப்பு என்றால் ரோலர் போன ஒவ்வொரு தடமும் தெரியும்.

மேஜை மேல் கதவைப் படுக்கப் போட்டு, நான்கு மூலைக்கும் பாட்டில் மூடி வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். முதலில் பின்பக்கம், அது காய்ந்த பிறகு முன்பக்கம். அப்போதுதான் மூடித் தடம் விழுந்தாலும் உள்பக்கத்தோடு போகும். செதுக்கல், வரப்பு இருந்தால் அங்கே முதலில் பிரஷ், உடனே சமதளத்தில் 4 அங்குல ஸ்பாஞ்ச் ரோலர். ஒரு இடத்தில் பெயிண்ட் காய ஆரம்பித்த பிறகு திரும்பப் போய்த் தடவாதீர்கள், சுருங்கிவிடும். மெல்லிசாக இரண்டு கோட்டிங், நடுவில் 320 எண் தாளால் பூப்போல ஒரு தேய்ப்பு. கெட்டியாக ஒரே கோட்டிங் அடித்தால் ஓரத்தில் கண்ணீர் மாதிரி வழிந்து நிற்கும்.

பிறகு காத்திருக்க வேண்டும். இதற்கு டெக்னிக் எதுவும் கிடையாது. தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். உள்ளே வரை இறுகுவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை கதவை மாட்டக் கூடாது என்று சொன்னால் வீட்டில் அடிதடி நடக்கும். ஒரு வாரம் விட்டேன். மாட்டும்போது கதவு சட்டத்தில் படுகிற இடங்களில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினேன். முதல் மாதம் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்ததோடு சரி, தேய்க்கவே இல்லை. இந்தத் தடவை 'சர்ர்' கேட்கவில்லை.

இந்த ஒரு வாரத்தில் கைப்பிடிக்குத் துளை போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். துளை வேலை பெயிண்டுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். இரண்டு ஸ்க்ரூ கைப்பிடிகளில் துளைக்குத் துளை இடைவெளி பெரும்பாலும் 96, 128, 160 மி.மீ. என்று 32இன் மடங்காக வரும். பழைய கைப்பிடியை நடுமையத்திலிருந்து நடுமையம் வரை அளந்து, அதே இடைவெளியில் புதிது வாங்கினால் துளைக்கிற வேலையே இல்லை. வேறு அளவுதான் பிடித்திருக்கிறதென்றால் பழைய துளையை இரண்டு பொருளைக் கலந்து பூசுகிற மரப் புட்டியால் அடைத்து, இறுகியதும் தேய்த்துச் சமமாக்குங்கள்.

புதுத் துளைக்கு ஒவ்வொரு கதவிலும் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். எட்டாவது கதவில் கண் ஏமாற்றும். எனக்கு 3 மி.மீ. ஏமாற்றியது. பக்கத்துக் கதவோடு சேர்த்துப் பார்த்தால் அந்த 3 மி.மீ. முப்பது மாதிரி தெரிந்தது. கெட்டி அட்டையில் கதவின் மூலைக்குப் பொருந்துகிற 'ட' வடிவம் வெட்டி, துளை இடத்தை அதில் ஒரே முறை அளந்து குத்திக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கக் கதவுக்கு அதையே புரட்டிப் போட்டால் போதும். குறித்த இடத்தில் டேப் ஒட்டி, பின்னால் ஒரு கழிவுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்திலிருந்து 5 மி.மீ. பிட்டால் துளையுங்கள். கட்டை இல்லாவிட்டால் பிட் வெளியே வருகிற இடத்தில் சன்மைக்கா பூப்போல வெடிக்கும்.

கதவை மாட்டியதும் ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கும். பதற வேண்டாம். கீலில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்க்ரூவைத் திருப்பினால் கதவு இடவலமாக நகரும், பின்னால் இருப்பது உள்ளே வெளியே தள்ளும், தகட்டில் இருப்பது மேலே கீழே. அரைச் சுற்று திருப்பி, மூடிப் பாருங்கள். எனக்கு மொத்த வேலையில் பிடித்த அரை மணி நேரம் இதுதான்.

டைல்ஸைப் பொறுத்தவரை, டைல் நன்றாகத்தான் இருக்கும், நடுக்கோடுதான், அதாவது டைல் இடுக்கை அடைத்த கிரவுட்தான், கருத்துப்போய் மொத்தச் சுவரையும் அழுக்காகக் காட்டும். ஆப்பச் சோடாவைக் குழைத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, கிரவுட் பேனாவால் கோட்டின் மேல் வரையுங்கள். டைல் மேல் வழிந்ததை இறுகும் முன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சுவரும் மேடையும் சந்திக்கிற மூலைக்கு மட்டும் கிரவுட் வேண்டாம், இரண்டும் தனித்தனியாக அசைவதால் வெடித்துவிடும். அங்கே சிலிகான்தான். பழைய சிலிகானை முழுக்க வெட்டி எடுக்காமல் மேலே புதிது போட்டால் ஒட்டவே ஒட்டாது. இரண்டு பக்கமும் டேப், நடுவில் சிலிகான், சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பு, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது.

டைல் ஸ்டிக்கர் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வாடகை வீட்டுக்கு, சிங்குக்கு எதிர்ச் சுவரில் ஒட்டலாம். அடுப்புக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். வினைல் சூட்டில் இளகும், ஓரம் தூக்கிக்கொண்டு பிசுக்கைப் பிடித்துவைக்கும்.

மிஞ்சிய பெயிண்டைப் பெரிய டப்பாவிலேயே வைத்தால் ஆடை கட்டிவிடும். சின்னக் கண்ணாடிச் சீசாவில் முக்கால்வாசிக்கு மேல் ஊற்றி, தேதியும் கலர் எண்ணும் எழுதி ஒட்டிவையுங்கள். எனக்கு அது போன வாரம் தேவைப்பட்டது. ஐந்தாம் நம்பர் கதவில், குப்பைக்கூடை இடிக்கிற இடத்தில், பாதி நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. துடைத்து, 320ஆல் தொட்டு, மெல்லிய பிரஷால் இரண்டு புள்ளி வைத்தேன். ஒரு வாரத்துக்கு யாரும் அந்தப் பக்கம் கூடையைத் தள்ளக் கூடாது என்று கதவில் டேப் ஒட்டி எழுதிவைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதன் கீழேயே இன்னொரு டேப் ஒட்டி, "பிசுக்கை எடுத்தாச்சா?" என்று எழுதியிருக்கிறார்.