கறிக்கோழிகளில் குடல் அழுகல் நோயைத் தடுக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கறிக்கோழி வளர்ப்போர் பலர் ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியிலிருந்து வருகின்றன. கொட்டகை, தண்ணீர், தரையில் பரப்பும் கூளம், உழைப்பு ஆகியவை பண்ணையாளருடையவை. தீவனத்தில் என்ன சேர்க்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. ஆயினும் குடல் அழுகல் நோயைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் வேர்பிடிக்கும் இடங்களாகிய கூளமும் தண்ணீரும் அவர் கையிலேயே இருக்கின்றன.

இந்நோய்க்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியா மண்ணிலும் எச்சத்திலும், நலமாக உள்ள கோழியின் குடலிலும்கூடச் சிறிய அளவில் இருக்கும். சூழல் ஒவ்வாதபோது அது கடினமான உறையுடைய வித்தாக மாறி நெடுங்காலம் தாக்குப்பிடிப்பதால், கொட்டகையிலிருந்து அதை அடியோடு ஒழிப்பது நடக்கும் காரியமன்று. அது குடலில் பெருகி நச்சைச் சுரப்பதற்கு வாய்ப்பளிக்காமல் இருப்பதே நம்மால் ஆகக்கூடியது. அந்த வாய்ப்பைப் பெரும்பாலும் ஏற்படுத்தித் தருவது காக்சிடியா என்னும் ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளியேறும் அதன் நுண்முட்டைகள் ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் ஏறத்தாழ 2 நாட்களில் முதிர்ந்து, கோழி கொத்தும்போது உள்ளே சென்று குடற்சுவரைப் புண்ணாக்குகின்றன. புண்ணிலிருந்து கசியும் புரதத்தை உண்டு பாக்டீரியா பெருகுகிறது. எச்சத்தில் இரத்தம் தெரியவில்லை என்பதால் காக்சிடியா இல்லையென்று முடிவு செய்துவிடக் கூடாது. சிறுகுடலைத் தாக்கும் சில வகைகள் இரத்தம் காட்டாமலேயே இந்தச் சேதத்தைச் செய்துவிடும்.

நோய் பெரும்பாலும் 2 முதல் 5 வார வயதில் தோன்றுகிறது. கடுமையான நிலையில், மாலைவரை தீவனம் எடுத்த கோழி காலையில் இறந்து கிடக்கும். அதைவிட அதிக இழப்பைத் தருவது, இறப்பே இல்லாமல் உள்ளுக்குள் நடக்கும் நோய் என்பது என் கருத்து. மூட்டைகள் காலியாகும், எடை ஏறாது. எச்சம் பழுப்பாகவும் நுரைத்தும், செரிக்காத தீவனத் துகள்களோடும் இருக்கும். கோழி பிடிக்கும் நாளில் தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை ஏறச் செலவாகும் தீவன அளவு) கெட்டு வளர்ப்புக் கூலி குறைந்த பிறகுதான் பலருக்கு ஐயம் எழுகிறது.

கூளத்தின் ஈரத்தைக் கையாலேயே சோதிக்கலாம். உமியோ கடலைத் தோலோ தென்னை நார்க்கழிவோ, எதுவாயினும் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிறகு விரல்களை விரிக்க வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி; சற்றே ஒட்டி உடனே உதிர்ந்தால் சரி; சிறிதும் ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் அதுவும் நல்லதன்று, சுவாசக் கோளாறு வரும். இச்சோதனையைக் கொட்டகையின் நடுவில் மட்டும் செய்து திருப்தியடையாமல், கோழி கொத்தினால் நீர் தரும் குழாய் முனையான நிப்பிள் வரிசையின் அடியிலும் பக்கச் சுவரோரத்திலும் செய்ய வேண்டும். நிப்பிள் தாழ்வாக இருந்தால் கோழியின் உடல் இடித்து நீர் சொட்டும். ஆகவே கழுத்தை மேல்நோக்கி நீட்டிக் குடிக்கும் அளவுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை உயர்த்திக்கொண்டே வர வேண்டும். கட்டிபிடித்த கூளத்தை அள்ளி வெளியேற்றி உலர்ந்த கூளம் இட வேண்டும்; கட்டியை உடைத்து அங்கேயே பரப்புவது ஈரத்தைக் கொட்டகை முழுவதும் பகிர்ந்து கொடுப்பதாகும். மற்ற இடங்களை நாள்தோறும் கிளறிவிட்டாலே போதும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் மார்கழி, தை மாதக் குளிருக்கு அஞ்சிக் கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாக்களை இரவு முழுவதும் இறுக மூடுவது வழக்கம். கோழிகளின் மூச்சும் எச்சமும் வெளியிடும் ஈரம் உள்ளேயே தங்கிக் கூளத்தில் இறங்கிவிடுகிறது. படுதாவின் மேல்புறத்தில் ஓரடி இடைவெளி விட்டால், குளிர்காற்று நேரே கோழிகள்மீது படாமல் ஈரக்காற்று வெளியேறும். விடியற்காலையில் உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் அந்த இடைவெளி போதவில்லை என்று கொள்ளலாம். திறந்தவெளிக் கொட்டகையில் கோழிக்கு 1 சதுர அடி என்ற அளவைக் குறைத்தால் இத்தனை கவனமும் வீணாகும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, இம்மாவட்டங்களில் ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீர் பல ஊர்களில் உண்டு என்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் எல்லோரும் அறிந்ததே. கோழிப்பண்ணையில் அதைவிட உடனடியாகப் பார்க்க வேண்டியது ஆழ்துளைக் கிணற்று நீரின் காரத்தன்மை. அதைக் காட்டும் பி.எச். அளவு 8-ஐத் தாண்டினால் குளோரின் வலுவிழந்துவிடும். எனவே நீரைப் பரிசோதித்து, தேவையானால் அங்கக அமிலம் சேர்த்துக் காரத்தைக் குறைத்த பிறகு, கடைசி நிப்பிளில் 2 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 முதல் 3 பங்கு) இருக்குமாறு குளோரின் அளவை அமைக்க வேண்டும். தடுப்பூசியோ நன்மை செய்யும் நுண்ணுயிர் மருந்தோ தண்ணீரில் கொடுக்கும் நாட்களில் குளோரின் கூடாது.

சொந்தமாகத் தீவனம் அரைப்போர், மக்காச்சோளம் விலையேறும்போது கோதுமையை மிகுதியாகச் சேர்த்தால் குடலில் பிசுபிசுப்பு கூடிப் பாக்டீரியாவுக்கு வசதியாகும் என்பதையும், தரமற்ற கருவாட்டுத் தூளும் அவ்வாறே கெடுதல் செய்யும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காக்சிடியா தடுப்பு மருந்து சேர்க்கப்படாத தீவனம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். குஞ்சுப் பருவத் தீவனமான ஸ்டார்ட்டரிலிருந்து இறுதிப் பருவத் தீவனமான ஃபினிஷருக்கு மாறும்போது 2 நாட்கள் இரண்டையும் கலந்து கொடுக்கலாம்.

இறப்பு தொடங்கினால், கைக்கு வந்த ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலக்காமல், கால்நடை மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும் மருந்தைச் சொல்லும் நாட்கள் மட்டும் கொடுத்து, விற்பனைக்கு முன் மருந்தை நிறுத்த வேண்டிய இடைவெளியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கழிச்சலுக்கென்று முன்பு தாராளமாகப் புழங்கிய கோலிஸ்டின், உணவுக்கான கால்நடைகளிலும் கோழிகளிலும் 2019 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது.

பரிசோதனைக்குக் கொண்டு செல்லும் கோழி, இறந்து சில மணி நேரத்துக்குள் இருப்பதாகவோ, நோயுற்று உயிரோடு உள்ளதாகவோ இருக்க வேண்டும். நேரம் சென்ற உடலில் குடல் தானாகவே உப்பி அழுகுவதால் எது நோய், எது அழுகல் என்று பிரித்தறிவது கடினம். புதிய உடலில் சிறுகுடல் வாயுவால் பருத்து, தொட்டால் கிழியும் அளவு மெலிந்து, உட்புறம் துவாலை போன்ற சொரசொரப்பான மஞ்சள் படலம் படிந்திருப்பது இந்நோயின் அடையாளம். ஓசூர் மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ கேட்கச் செல்லும்போது தீவனம், எடை, இறப்பு ஆகியவற்றை நாள்வாரியாக எழுதிய அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லவும்.