லினக்ஸ் நிறுவும் முன்பே டாங்கிளை இயக்கிப் பார்ப்பது எப்படி?

வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, சிம் போட்டு நெட் எடுக்கும் யூஎஸ்பி டாங்கிள் ஒன்றுதான் துணை. இப்படி இருப்பவர்கள் விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறும் முன் கேட்பது ஒன்றே: "நெட் வருமா?" பெரும்பாலும் வரும். ஆனால் அதை நிறுவி முடித்த பிறகு பார்க்காதீர்கள், முன்பே பார்த்துவிடுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: மின்ட் உள்ள பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். வன்தட்டைத் தொடாமலே முழு டெஸ்க்டாப்பும் வந்துவிடும். இன்ஸ்டால் ஐகானை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 2: டாங்கிளைச் செருகி ஒரு நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்தில் உள்ளே நடப்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பல டாங்கிள்கள் செருகியதும் மோடமாக வருவதில்லை. விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடி டிரைவாகத்தான் வந்து நிற்கும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறிய நிரல்தான் அதை மோடமாக மாற்றுகிறது. அப்புறம் மோடம் மேனேஜர் சிம்மையும் சிக்னலையும் கண்டுபிடிக்கும். இணைப்பைக் கொடுப்பது நெட்வொர்க் மேனேஜர். சிடி ஐகான் அப்படியே நின்றால் மாற்றம் நடக்கவில்லை என்று அர்த்தம். அதை வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள். பல மாடல்கள் அதிலேயே வழிக்கு வந்துவிடும்.

சில டாங்கிள்கள் வயர்டு நெட்வொர்க் போலவே தெரியும். ஹுவாவேயின் ஹைலிங்க் வகை அப்படித்தான். அவற்றுக்கு அடுத்த படி தேவையில்லை. அமைப்புகளை மாற்ற பிரவுசரில் 192.168.8.1 என்று தட்டினால் போதும்.

படி 3: கீழே வலது மூலையில் உள்ள நெட்வொர்க் ஐகானில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, மொபைல் பிராட்பேண்டைத் தேர்ந்தெடுங்கள். நாடு, சிம் நிறுவனம், பிளான் என்று வரிசையாகக் கேட்கும். பிளானைத் தேர்ந்ததும் ஏபிஎன், அதாவது சிம் நிறுவனத்தின் இணைய நுழைவாயில் பெயர், தானாக நிரம்பிவிடும். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். கையால் தட்டுவதானால் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். சிம்முக்கு பின் நம்பர் இருந்தால் அதையும் கேட்கும்.

பழைய 3ஜி டாங்கிளில் ஜியோ சிம்மைப் போட்டால் சிக்னலே வராது. ஜியோவுக்கு 3ஜி சேவை கிடையாது, அதனால் லினக்ஸில் கோளாறு என்று தேட வேண்டாம்.

படி 4: பிரவுசரில் ஏதாவது ஒரு தளம் திறக்கிறதா? சரி, இப்போது இன்ஸ்டால் ஐகானை அழுத்துங்கள். பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும்போது டிக் செய்துவிடலாம், நெட்தான் இருக்கிறதே. முடிந்து மறுதொடக்கம் ஆனதும், புதிய மின்ட்டில் இணைப்பு தெரியாவிட்டால் படி 3-ஐ மட்டும் மீண்டும் செய்யுங்கள்.