உப்புக்காற்றில் பிரஷ் கட்டர்: தோப்புக்காரர்களுக்குப் படிப்படியாக

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் கார்த்திகைக்குள் ராமநாதபுரம் கடலோரத்தில் உச்சிப்புளி, இருமேனி, பெரியபட்டினம் பக்கத் தென்னந்தோப்புகளில் கோரையும் அருகும் முழங்காலுக்கு வந்துவிடும். விழுந்த தேங்காய் கண்ணில் படாது, பாம்பும் கண்ணில் படாது. அருவாளோடு குனிந்து வெட்ட ஆள் கிடைப்பதில்லை. அதனால் ஊருக்குள் பிரஷ் கட்டர் என்கிற புல் வெட்டும் மிஷின் பெருகிவிட்டது. ஆனால் வாங்கிய மறுவருஷமே கயிறை எத்தனை இழுத்தாலும் உயிர் வராமல் மோட்டார் ரூம் மூலையில் சாய்ந்து கிடக்கிற மிஷின்களையும் நிறையப் பார்க்கிறேன்.

நம் கரையில் மிஷினைக் கெடுப்பது புல் இல்லை. உப்பு, மணல், வலைத்துண்டு இந்த மூன்றும்தான். வாங்கும்போது கடைக்காரர் சொல்லித் தருவது கோயம்புத்தூர்த் தோட்டத்துக்குச் சரியாக இருக்கும். மண்டபம், தொண்டி, சாயல்குடிப் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு அது போதாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டார்ட் செய்வது, சோக் போடுவதெல்லாம் மிஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது.

எதை வாங்குவது

முதுகில் மாட்டுகிற மாடல் வேண்டாம். எஞ்சின் சூடு முதுகிலேயே இருக்கும், மணலில் கால் புதையும்போது பாரம் மேலே ஆடும். தோளில் பெல்ட் போட்டுப் பக்கவாட்டில் தொங்கவிடுகிற சைடு பேக் வாங்குங்கள். இரண்டு கைப்பிடியும் மாட்டுக்கொம்பு மாதிரி விரிந்து இருக்கட்டும்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்றால் இந்தக் கரைக்கு நான் ஃபோர் ஸ்ட்ரோக் என்பேன். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஹோண்டா ஜிஎக்ஸ்35 மாதிரி 35 சிசி எஞ்சினில் பெட்ரோல் தனி, ஆயில் தனி. ஆயில் 100 மில்லிதான் பிடிக்கும். கலக்கிற வேலை இல்லை. விலை கூடுதல், எடையும் கொஞ்சம் கூடுதல். டூ ஸ்ட்ரோக் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கவலையில்லை, அடுத்த படியை மட்டும் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

படி 1: பெட்ரோலும் ஆயிலும்

என்னைப் பாடாய்ப் படுத்தியது இந்தப் படிதான். மிஷின் நன்றாக ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் நிற்கும், ஆக்சிலரேட்டரைப் பிடித்தால் இருமிக்கொண்டே அணைந்துவிடும். பிளக் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ராமநாதபுரத்தில் மெக்கானிக் ஒருவர் டேங்கிலிருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெயிலில் காட்டினார். "அண்ணே, பாருங்க, அடியில தனியா நிக்குது." பாட்டிலின் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தனி அடுக்கு. மேலே ஆயிலின் நிறத்தோடு பெட்ரோல்.

விஷயம் இதுதான். இப்போது பங்கில் நமக்குக் கிடைப்பது இ20 பெட்ரோல். அதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கு என்றைக்கும் குறைவில்லை. அளவுக்கு மீறி ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். நாம் கலந்த 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலோ பெரும்பாலும் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கில் உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கிற ஃபில்டர் கனமானது, எப்போதும் அடியில்தான் கிடக்கும். ஆக எஞ்சின் முதலில் குடிப்பது ஆயில் இல்லாத அந்த அடித்தண்ணீரை. மிஷின் இருமினால் நல்ல காலம். இருமாமல் ஓடினால் பிஸ்டன் உரசி ஜாம் ஆகிவிடும்.

அதனால் செய்ய வேண்டியது:

பெட்ரோலை அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் கலக்காதீர்கள். அரைக் கேன் மிச்சம் வைப்பது மோசம். மேலே இருக்கிற காலி இடத்துக் காற்றிலிருந்துதான் ஈரம் ஏறுகிறது.

எவ்வளவு ஆயில் என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். புத்தகத்தில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். மெடிக்கலில் ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடச் சரியான அளவு கிடையாது. டேங்குக்குள் நேராக ஆயிலை ஊற்றாமல் தனிக் கேனில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள்.

ஆயில் டப்பாவில் ஜாசோ எஃப்டி (JASO FD) என்ற தரக்குறி போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள், எஃப்சி இருந்தாலும் ஓடும். நம் ஊரில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. வள்ளத்துக்கு வாங்கிய அவுட்போர்டு மோட்டார் ஆயில் வீட்டில் இருக்கும், அதையே எடுத்து இதிலும் ஊற்றிவிடுவார்கள். வேண்டாம். டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும் அந்த ஆயில் கடல் தண்ணீரால் குளிர்கிற எஞ்சினுக்காகச் செய்தது. பிரஷ் கட்டர் காற்றால் குளிர்வது, சூடு மிக அதிகம். அந்தச் சூட்டுக்கு அது தாங்காது.

படி 2: வெட்டுவதற்கு முன்னால் ஒரு நடை

கடலுக்குப் பக்கத்துத் தோப்பென்றால் புல்லுக்குள் என்னென்னவோ கிடக்கும். கிழிந்த வலை, தங்கூசி (தூண்டில் நரம்பு), பாசி வளர்க்கிற கயிறு, பாட்டில் சில்லு, சிப்பி. கச்சான் காற்று மாசக்கணக்கில் கொண்டுவந்து கொட்டியது அத்தனையும் புல்லுக்கடியில் இருக்கும். ஒரு நீளக் கம்போடு தோப்பு முழுவதும் நடந்து தட்டிக்கொண்டே போங்கள். சுருட்டை விரியன் இருந்தால் அதற்கும் நகர நேரம் கிடைக்கும். முழங்கால் வரை கம்பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் இல்லாமல் மிஷினைத் தொடாதீர்கள். சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள், எஞ்சினை அணைத்துவிட்டு அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

வலைத்துண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோரை சுற்றினால் இழுத்து எடுத்துவிடலாம். நைலான் அப்படியில்லை. பிளேடைத் தாங்கும் கிண்ணத்துக்கு மேலே, கியர் பாக்ஸ் தண்டில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சுற்றுகிற சூட்டில் உருகி, ஆறியதும் பச்சை வளையல் மாதிரி இறுகிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. உள்ளே அது ஆயில் சீலை அரித்து, கிரீஸ் கசிந்து, கடைசியில் பேரிங் போகும். ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் பிளேடைக் கழற்றி அந்த இடத்தைப் பாருங்கள். இருந்தால் மெல்லிய கத்தியால் தண்டுக்கு நெடுக்கே கீறி உரித்து எடுங்கள். குறுக்கே அறுத்தால் சீல் கிழியும்.

படி 3: எதற்கு எந்த வெட்டு

அருகு, நெருஞ்சி, கோரைக்கு நைலான் நரம்பு. 3 மில்லி கனத்தில் வாங்குங்கள், 2.4 நம் மணலில் சீக்கிரம் தேய்கிறது. முற்றிய கோரைக்கும் புதருக்கும் மூன்று பல் பிளேடு. சீமைக்கருவேலக் கன்றுக்குப் பல் நிறைய உள்ள வட்ட பிளேடு. கருவேலத்தை வெட்டினால் செத்தது என்று நினைக்காதீர்கள், தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெட்டிய பிறகு மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்தால்தான் தீரும்.

தென்னங்கன்றைச் சுற்றி இரண்டு அடிக்கு மிஷினே வேண்டாம், கையால் களை எடுங்கள். நைலான் நரம்பு கன்றின் அடியைச் சுற்றிலும் அறுத்துவிடும்.

பிளேடு மாட்டுகிற நட்டு இடது மரை. வழக்கமான நட்டுக்கு நேர் எதிர். கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால் கழலும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும். தெரியாமல் "கழல மாட்டேங்குது" என்று குழாயைப் போட்டு நெம்பி மரையை உடைத்தவர்கள் உண்டு. கியர் பாக்ஸிலிருக்கும் ஓட்டையில் பூட்டுக் கம்பியைச் செருகிக்கொண்டு திருப்புங்கள்.

படி 4: வெட்டுவது

மேலிருந்து பார்த்தால் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும், வெட்டிய புல் இடப்பக்கம் விழும். பிளேடின் முன்பக்க வலது ஓரத்தால் மரத்தையோ தூரையோ தொடாதீர்கள். மிஷின் உங்களை வலப்பக்கம் தூக்கி எறியும். கன்று, புதர் எதுவானாலும் இடது ஓரத்தால் அணுகுங்கள்.

விடிந்ததும் தொடங்கி, காற்று ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். மணலை நக்காதபடி இரண்டு அங்குலம் மேலே பிடியுங்கள். தரையோடு ஒட்ட வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நரம்பும் தேயும், கிளம்பும் மணல் ஏர் ஃபில்டருக்குள்ளும் போகும்.

கடலோர மணல்மேட்டில் இருக்கிற அடம்புக்கொடியையும் ராவணன் மீசையையும் தயவுசெய்து வெட்டாதீர்கள். "சுத்தம் பண்ணிக் குடுங்க" என்று விடுதிக்காரர்கள் கேட்கிறார்கள். மணலைப் பிடித்து நிறுத்துவது அவைதான். வெட்டிய இடத்து மணல் அடுத்த கச்சானில் கிளம்பி உங்கள் தோப்புக்குள்தான் வந்து விழும்.

படி 5: அணைத்த பிறகு

என் பார்வையில் மிஷினின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது. வேலை முடிந்த அசதியில் யாரும் செய்வதில்லை.

முதலில் டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு பிரைமர் பல்பை (கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏற்றுகிற குமிழ்) அமுக்கி அமுக்கி, வருகிறதையும் கொட்டிவிடுங்கள். அடுத்து ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காய்ந்து இருக்க வேண்டும்.

இரண்டாவது, கழுவாதீர்கள், துடையுங்கள். வீட்டு போர்வெல்லில் வருவதே உப்புத் தண்ணீர்தானே. அதில் கழுவினால் காற்றில் படிவதைவிட அதிக உப்பு ஏறும். குடத்துக் காவிரித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். சிலிண்டரின் அலுமினிய இதழ்களுக்கு இடையில் வெள்ளைப் பொடி மாதிரி பூத்திருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். அது சேர்ந்தால் எஞ்சினைக் குளிரவைக்கிற காற்று உள்ளே போகாது.

பிறகு பிளேடு, நட்டு, சைலன்சர் ஸ்குரூ எல்லாவற்றிலும் மெல்லியதாக ஆயில் தடவுங்கள். துருப்பிடித்த ஸ்குரூவுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுகிறவர்கள் மரையில் கிரீஸ் வைத்துப் போடுங்கள். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு உடைத்தால்தான் வரும்.

கியர் பாக்ஸ் பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கும். 20, 25 மணி நேர வேலைக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கிரீஸ் வையுங்கள், முழுக்க அடைக்காமல் முக்கால் அளவுக்கு. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் தட்டுங்கள்.

வைக்கிற இடம் கடல் பார்த்த தாழ்வாரமாக இருக்கக்கூடாது. சாக்கால் மூடினால் சாக்கே ஈரத்தைப் பிடித்து வைக்கும். பருத்தித் துணி போதும்.

பிறகு சேர்த்தது

ஏர்வாடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, ஸ்விட்சை அணைத்தாலும் எஞ்சின் நிற்கவில்லை என்று எழுதியிருந்தார். கைப்பிடியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஒயரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். செம்பு பச்சையாகப் பூத்திருக்கும். சுரண்டி, மறுபடி செருகி, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். அதுவரை சோக்கை இழுத்து மூடினால் எஞ்சின் அணையும்.

விடுதிப் புல்தரை பார்க்கிற அக்கா ஒருவர், நின்றபடி ஓட்டுகிற பெரிய புல்வெட்டி மிஷின் நம் ஊருக்குச் சரிவருமா என்று கேட்டார். பின்னால் மேடையில் நின்று ஓட்டுவது, 36 முதல் 60 அங்குல அகலம் வரை வெட்டும், இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஓடுவதால் நின்ற இடத்திலேயே திரும்பும். ஏக்கர் கணக்கில் சமமான புல்தரை இருந்தால் அது நல்ல மிஷின், மரத்தடியில் குனிந்து புக முடியும், ஆபத்தென்றால் உடனே இறங்கிவிடலாம். நம் மணல் தரையில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் திருப்பினால் சக்கரம் புல்லை வேரோடு கிளப்பிவிடும். அதனால் முன்னும் பின்னும் போய், மூன்று தடவையாகத் திருப்புங்கள். இன்னொன்று, புல்லை உறிஞ்சி நிமிர்த்துகிற பிளேடு மணலையும் சேர்த்துக் கிளப்பி, தன்னையே தேய்த்துக்கொள்ளும். லோ லிஃப்ட் (குறைவாக உறிஞ்சுகிற) பிளேடு கேட்டு வாங்குங்கள். தென்னந்தோப்புக்கு மட்டும் அது வேண்டாம். மட்டையும் குரும்பையும் தூரும் கிடக்கிற தரையில் அதை ஓட்ட முடியாது.

சிரிஞ்சில் பெட்ரோல் பட்டு ரப்பர் ஊதிவிடுகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். சரிதான். ஆயில் அளக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலை லிட்டர் அளவிலேயே வாங்குங்கள். ரப்பர் இறுகிவிட்டால் சிரிஞ்சை மாற்றிவிடுங்கள், பத்து இருபது ரூபாய் சமாசாரம்.