16 குலைகளை நிறுத்துவிட்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஆறாம் படிவ மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் எழுதும் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) கணிதத்தின் மூன்றாம் பருவத்தில் கருதுகோள் சோதனை வருகிறது. ஒரு கூற்றை, கையில் கிடைத்த மாதிரியின் எண்களைக் கொண்டு நிராகரிக்கலாமா என்று பார்க்கும் முறை அது. சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுப்பதில் பிள்ளைகள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. கணக்கைத் தொடங்கும் முன் எழுதும் இரண்டு வரிகளிலும், முடித்தபின் எழுதும் ஒரு வரியிலும்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அந்த மூன்று வரிகளும் எண்களால் ஆனவை அல்ல, சொற்களால் ஆனவை. அதனாலேயே தமிழில் நிதானமாகப் பேசினால் விளங்கிவிடும் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் ஒரு மாணவி தன் அப்பாவின் வேலையிலிருந்தே ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். அப்பா செம்பனைக் குலை (எண்ணெய்ப் பனையின் பழக்கொத்து) வெட்டுகிறார். கூலி டன் கணக்கில். குலை சிறுத்துப்போனால் அதே டன்னுக்கு அதிகக் குலைகளை வெட்டித் தள்ள வேண்டும். அவர் வெட்டும் பிளாக்கில் ஒரு குலையின் சராசரி எடை 15 கிலோ என்று தோட்டத்துப் பதிவில் இருக்கிறது. "இப்போது அவ்வளவு வராது" என்பது அப்பாவின் வாதம். மகள் ஒரு தொங்கு தராசை எடுத்துக்கொண்டு போய் 16 குலைகளை நிறுத்துப் பார்த்தாள். சராசரி 13.98 கிலோ; திட்டவிலக்கம், அதாவது எடைகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு, 2.4 கிலோ. இன்மைக் கருதுகோள் என்பது, மாற்றம் ஏதுமில்லை என்று சோதனைக்காக முதலில் வைத்துக்கொள்ளும் கூற்று; அதற்கு எதிரான கூற்று மாற்றுக் கருதுகோள். அவள் நோட்டின் முதல் வரி இப்படி இருந்தது: "இன்மைக் கருதுகோள்: 16 குலைகளின் சராசரி எடை 15 கிலோ."

அந்த 16 குலைகளின் சராசரிதான் கையில் இருக்கிறதே, 13.98. கண்ணெதிரே இருக்கும் ஒன்றுக்குக் கருதுகோள் எதற்கு? நமக்குத் தெரியாதது அந்தப் பிளாக்கில் வெட்டப்படும் எல்லாக் குலைகளின் சராசரி. இன்மைக் கருதுகோளும் மாற்றுக் கருதுகோளும் எப்போதும் அந்த எல்லாக் குலைகளும் சேர்ந்த முழுமைத்தொகுதியைப் பற்றியே பேச வேண்டும். மாதிரி, அதாவது அதிலிருந்து எடுத்த 16 குலைகள், வெறும் சாட்சி. வழக்கு முழுமைத்தொகுதியின் மேல்தான். தேர்வுத் தாளில் மியூவுக்கு (முழுமைத்தொகுதிச் சராசரியின் குறியீடு) பதிலாக மாதிரிச் சராசரியின் குறியீட்டை எழுதிவிட்டு, அது கைப்பிழைதானே என்று சமாதானம் சொல்லும் மாணவர்கள் உண்டு. கைப்பிழையாக இருந்தால் நான் இவ்வளவு வருத்தப்பட மாட்டேன். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே அங்கே மாறிவிடுகிறது.

முழுமைத்தொகுதி எது என்று கேட்டால் "தோட்டத்துக் குலைகள்" என்று சொல்வதும் போதாது. இளமரத்தில் குலை சிறியது. மரம் முதிர முதிர எடை கூடும். எந்தப் பிளாக், எந்த மாதத்து அறுவடை என்று எல்லை கட்டியாக வேண்டும். அவள் நிறுத்த 16 குலைகளும் லோரி வந்து நிற்கும் மண்பாதை ஓரத்தில் ஒரே குவியலில் கிடந்தவை. பாதையோர மரங்களின் குலைகள் உள்வரிசை மரங்களின் குலைகளைப் போலத்தான் இருக்கும் என்பதற்கு யார் உறுதி? கைக்கு எட்டியதை எடுத்தால், பின்னால் வரும் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தக் குறை தீராது. இதைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தப் பாடத்திலேயே முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து.

அடுத்து வகுத்தல்: கிடைத்த வித்தியாசம் தற்செயலான ஏற்ற இறக்கத்தைப்போல எத்தனை மடங்கு என்று பார்ப்பது. 13.98இலிருந்து 15ஐக் கழித்தால் −1.02. இதை 2.4ஆல் வகுத்து −0.425 என்று முடித்தவர்கள் வகுப்பில் நான்கு பேர். 2.4 என்பது ஒரு குலைக்கும் இன்னொரு குலைக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கம். நாம் எடைபோடுவது 16 குலைகளின் சராசரியை. சராசரி அவ்வளவு ஆடாது. கனமான குலையும் லேசான குலையும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஆகவே 2.4ஐ 16இன் வர்க்கமூலமான 4ஆல் வகுத்து, 0.6 என்ற திட்டப்பிழையைப் பயன்படுத்த வேண்டும். −1.02ஐ 0.6ஆல் வகுத்தால் −1.70.

இந்த −1.70 கையில் வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அப்பாவின் வாதம் "குறைந்துவிட்டது" என்பதால் அந்த ஒரே திசையைப் பார்க்கும் ஒருமுனைச் சோதனை; 5 விழுக்காட்டு நிலை, அதாவது இன்மைக் கருதுகோள் உண்மையாக இருந்தும் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு. மதிப்பு எல்லைக்குக் கீழே போனால் நிராகரிக்கலாம். இயல்நிலைப் பரவல் (நடுவில் கூடி இருபுறமும் சமமாகக் குறையும் மணி வடிவப் பரவல்) அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு எல்லை −1.645, அவர்கள் இன்மைக் கருதுகோளை நிராகரித்தார்கள். சிறு மாதிரிகளுக்கான டி அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு, 16இல் ஒன்றைக் கழித்த 15ஆம் வரிசையில், எல்லை −1.753, அவர்கள் நிராகரிக்கவில்லை. டி அட்டவணைதான் சரி. 2.4 என்பது அந்த 16 குலைகளிலிருந்தே மதிப்பிட்ட திட்டவிலக்கம். முழுமைத்தொகுதியின் உண்மையான திட்டவிலக்கம் நமக்குத் தெரியாது. அந்த மதிப்பீடும் ஆடக்கூடியது என்பதற்காகத்தான் எல்லை சற்றுத் தள்ளிப்போகிறது. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் இதைக் கண்டறிந்து, 1908இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். சிறு மாதிரிகளை வைத்து முடிவெடுக்க வேண்டிய வேலை அவருடையது. 16 குலைகளோடு நிற்கும் நம் நிலையும் அதுதான். சிறு மாதிரியில் டி சோதனை சரியாக வேலை செய்ய, முழுமைத்தொகுதி ஏறத்தாழ இயல்நிலையில் பரவியிருக்க வேண்டும். அட்டவணையைத் திறக்கும் முன் 16 எடைகளையும் ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். தனியே விலகி நிற்கும் குலை ஒன்று இருந்தால் உடனே கண்ணில் படும்.

ஒருமுனையா, இரு திசைகளையும் பார்க்கும் இருமுனையா என்பதைத் தராசைத் தொடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இங்கே அப்பா முன்கூட்டியே "குறைவு" என்று சொல்லியிருந்தார், ஆகவே ஒருமுனை நியாயமானது. எடையைப் பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் "குறைவு" என்றும் கூடியிருந்தால் "கூடுதல்" என்றும் திசையைத் தேர்ந்தெடுப்பவர், 5 விழுக்காட்டுச் சோதனை செய்வதாக எழுதிக்கொண்டு உண்மையில் 10 விழுக்காட்டுச் சோதனை செய்கிறார்.

இனி கடைசி வரி. டி அட்டவணையைச் சரியாகப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் எழுதியது: "ஆகவே குலையின் சராசரி எடை 15 கிலோ என்று நிரூபிக்கப்பட்டது." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அதே 16 குலைகளை வைத்து "சராசரி 13 கிலோ" என்ற கருதுகோளை இருமுனையாகச் சோதித்துப் பாருங்கள். 0.98ஐ 0.6ஆல் வகுத்தால் 1.63, எல்லை 2.131. அதையும் நிராகரிக்க முடியாது. 15உம் நிரூபிக்கப்பட்டது, 13உம் நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல முடியுமா? நிராகரிக்க முடியவில்லை என்றால், அதற்கு வேண்டிய சான்று இந்த 16 குலைகளில் இல்லை என்று பொருள், அவ்வளவே. உண்மையான சராசரி 14 கிலோவாகவே இருந்தாலும், 16 குலைகளை மட்டும் நிறுத்தால் இந்தச் சோதனை அந்தக் குறைவைக் கண்டுபிடிக்க ஏறத்தாழப் பாதி வாய்ப்புதான் உண்டு. பாதி நேரம் கண் தெரியாத காவலாளி "யாரும் வரவில்லை" என்று சொன்னால், யாரும் வரவில்லை என்றா எடுத்துக்கொள்வோம்? எழுத வேண்டியது இது: "இந்தப் பிளாக்கில் குலையின் சராசரி எடை 15 கிலோவுக்குக் குறைந்துவிட்டது என்று சொல்ல, 5 விழுக்காட்டு நிலையில் போதிய சான்று இல்லை." அப்பா சொன்னது பொய் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. அதை அந்த மாணவிக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அவள் முகம் வாடிப்போயிருந்தது.

கணினியில் போட்டவர்களுக்குப் பி மதிப்பு ஏறத்தாழ 0.055 என்று வந்தது. "15 கிலோ என்பது உண்மையாக இருக்க 5.5 விழுக்காடு வாய்ப்பு" என்றான் ஒருவன். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் தனி அறிக்கை வெளியிட்டு எச்சரித்த அளவுக்குப் பரவலான தவறு இது. டெங்கி கண்டவருக்குப் பெரும்பாலும் காய்ச்சல் அடிக்கும். அதற்காகக் காய்ச்சல் அடிப்பவர் எல்லாரும் பெரும்பாலும் டெங்கி நோயாளிகள் ஆகிவிடுவதில்லை. இங்கும் திசை அப்படித்தான். சராசரி உண்மையில் 15 என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு குறைவாகவோ இதற்கும் குறைவாகவோ ஒரு மாதிரி கிடைக்க 5.5 விழுக்காடு வாய்ப்பு. "என்று வைத்துக்கொண்டால்" என்பதை விட்டுவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

சராசரிக்குப் பதில் விழுக்காட்டைச் சோதிக்கும் விகிதச் சோதனையில் ஒரே ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். 80 விழுக்காடு முளைக்கும் என்று பொட்டலத்தில் போட்ட வெண்டை விதையில் 100ஐ நட்டு, 72 முளைத்தால், திட்டப்பிழையை 0.80 வைத்துக் கணக்கிட வேண்டும், 0.72 வைத்து அல்ல. சோதனை முழுவதும் இன்மைக் கருதுகோளை உண்மை என்று கொண்டே நடக்கிறது. 0.80 வைத்தால் திட்டப்பிழை 0.04, சோதனை மதிப்பான இசட் −2.0, 0.72 வைத்தால் −1.78. இருமுனை எல்லையான 1.96 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, முடிவே மாறிப்போகிறது.

எல்லையைத் தாண்டினால் எல்லாம் ஆயிற்று என்பதும் சரியல்ல. 3,600 குலைகளை நிறுத்து, சராசரி 14.9 கிலோ, திட்டவிலக்கம் அதே 2.4 என்று வந்தால், திட்டப்பிழை 0.04, சோதனை மதிப்பு −2.5. தயக்கமின்றி நிராகரிக்கலாம். ஆனால் குறைவு குலைக்கு 100 கிராம். வெட்டுபவரின் தோள் அதை உணருமா? சோதனையின் விடையோடு, உண்மையான சராசரி இருக்கக்கூடிய வீச்சைக் காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்து எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நம் 16 குலைகளுக்கு 95 விழுக்காட்டு இடைவெளி 12.70 முதல் 15.26 கிலோ வரை. இடைவெளி இவ்வளவு அகலம் என்பதே நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று காட்டிவிடுகிறது.

வகுப்பு முடியும் நேரம் மாணவி கேட்டாள்: "சார், இன்னும் நான்கு குலைகளைச் சேர்த்து நிறுத்தால் எல்லையைத் தாண்டிவிடும் அல்லவா?" தாண்டலாம். தாண்டும்வரை சேர்த்துக்கொண்டே போவதும் ஒரு தவறுதான். ஒவ்வொரு முறை எட்டிப்பார்க்கும்போதும் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு ஏறுகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை 5 விழுக்காட்டு நிலையில் செய்தால், எல்லா இன்மைக் கருதுகோள்களும் உண்மையாகவே இருந்தாலும், ஒன்றாவது தப்பாக நிராகரிக்கப்பட 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பழைய 16ஐ ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னேன். எத்தனை குலைகள் என்பதை முதலில் முடிவு செய்தோம்: 64. திட்டவிலக்கம் அதே அளவில் இருந்தால் திட்டப்பிழை 0.3 ஆகிவிடும். அடுத்த அறுவடைச் சுற்றில் அந்தப் பிளாக்கில் சுமார் 640 குலைகள் வரும் என்றார் அப்பா. 1 முதல் 10 வரை எழுதிச் சீட்டுக் குலுக்கினோம், 7 வந்தது. வெட்டிப் போடும் வரிசையில் 7ஆவது, 17ஆவது, 27ஆவது என்று எடுத்து நிறுக்க வேண்டும். "குறைவு, ஒருமுனை, 5 விழுக்காடு, 64 குலைகள்" என்று நோட்டின் புதிய பக்கத்தில் தேதியோடு எழுதி, கீழே எடைகளுக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.